உதட்டில் கூராக்கிய தூரிகை

எங்கட வீட்டில் இருட்டில் ஒளிர்கிற எந்தச் சாமானுக்கும் "ரேடியம்" எண்டுதான் பேர். சுவிற்ச்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற பச்சை ஸ்டிக்கர் ரேடியம். ஓட்டோவின் பின்பக்கம் லைற் பட்டால் மின்னுகிற எழுத்து ரேடியம். அம்மப்பாவின் பழைய அலாரம் மணிக்கூடும் ரேடியம். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் அந்தப் பெயர் உண்மையிலேயே பொருந்தியிருக்கலாம்.

போன மாதம் சித்தியின் மகன் போன் எடுத்தான். நிலாவெளிப் பக்கம் சுழியோடப் பழகுகிறான், இப்போது அவனுக்கு ஒரு டைவிங் மணிக்கூடு வேணும். இணையத்தில் ஒரு பழைய சுவிஸ் மணிக்கூட்டைக் கண்டுபிடித்திருந்தான். 1950களில் செய்தது. இலக்கங்கள் எல்லாம் தேத்தண்ணிக் கறைபோலப் பழுப்பாகிப் போயிருந்தன. விற்கிறவர் அதைத்தான் பெருமையாக எழுதியிருந்தார், "அசல் ரேடியம் டயல்" என்று. "அக்கா, நீ வரலாறுதானே படிக்கிறாய், இதைக் கட்டினா கான்சர் வருமோ?" என்று கேட்டான். வரலாறு படிக்கிறவளிட்ட கேக்கிற கேள்வியாடா இது எண்டு ஏசிப்போட்டுப் போனை வைத்தேன். பிறகு ஒரு கிழமையாக வாசித்துப் பார்த்தபோது, அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று விளங்கியது. ஆனால் அவன் கேட்ட விதம்தான் பிழை.

முதலில் அந்தப் பழுப்பு நிறப் பெயின்ற் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று மிகச் சிறிதளவு ரேடியம். மற்றது சிங்க் சல்பைட்டு என்ற தூள். ரேடியம் ஓயாமல் அல்பா துணிக்கைகளை வீசிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துணிக்கையும் சிங்க் சல்பைட்டில் மோதும்போது ஒரு சின்ன ஒளிப்பொறி எழும். இப்படி இலட்சக்கணக்கான பொறிகள் சேர்ந்துதான் அந்தப் பச்சை வெளிச்சம். வெயிலில் வைக்கத் தேவையில்லை, பற்றரி தேவையில்லை, இரவு முழுக்க எரியும்.

ஆனால் ஒரு சிக்கல். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் 1600 வருடம். சிங்க் சல்பைட்டோ இந்த அடியைத் தாங்க முடியாமல் சில வருடங்களிலேயே கெட்டுப்போகத் தொடங்கிவிடும். அதனால்தான் பழைய ரேடியம் மணிக்கூடு ஒன்று இன்றைக்கு இருட்டில் ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் அதில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. விளக்கு அணைந்துவிட்டது, எண்ணெய் அப்படியே இருக்கிறது.

கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898இல். அடுத்த இருபது வருடத்தில் அது ஒரு பைத்தியமாகவே பரவியது. தானாக ஒளிர்கிற உலோகம், புற்றுக்கட்டியைக் கரைக்கும் மருந்து, உடம்புக்குத் தெம்பு தரும் தண்ணீர் என்றெல்லாம் விற்றார்கள். மணிக்கூட்டுக்குள் அது பெரிய அளவில் வந்தது முதலாம் உலகப்போரோடுதான். பதுங்குகுழிக்குள் இருக்கிற சிப்பாய் சட்டைப்பையிலிருந்து சங்கிலி மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. மணிக்கூடு கைக்கு வந்தது. தாக்குதல் விடியப்புறம் குறித்த நிமிடத்தில் தொடங்க வேண்டும், தீக்குச்சி கொளுத்தினால் எதிரி சுடுவான். ஆகவே இலக்கங்கள் தாங்களாகவே ஒளிர வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரேஞ்ச் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருந்தது. பின்னாளில் யுனைட்டட் ஸ்டேட்ஸ் ரேடியம் கோர்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. பெயின்ற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் "அன்டார்க்". அங்கே டயல்களுக்கு வர்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கத்தரின் ஷோப் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 14. கிரேஸ் ஃபிரையருக்கு 18. அவருடைய அண்ணன் தம்பிமார் போருக்குப் போயிருந்தார்கள், தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று 1917இல் வந்து சேர்ந்தார். என்னுடைய பட்ச்சில் படிக்கிற எல்லாப் பெட்டையளையும்விட வயது குறைந்தவர்கள்.

டயலில் எழுத வேண்டிய இலக்கம் மிகச் சின்னது. ஒட்டக முடித் தூரிகை இரண்டு மூன்று கோட்டுக்குப் பிறகு விரிந்துவிடும். அதைத் திரும்பக் கூராக்குவதற்கு அவர்களுக்குப் பழக்கிய வழி, தூரிகையை உதட்டில் வைத்து நனைத்துக் கூராக்குவது. உதடு, பெயின்ற், டயல், திரும்ப உதடு. சம்பளம் டயல் கணக்கில். தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், தூரிகையில் இருக்கிற விலையுயர்ந்த ரேடியமும் தண்ணீரோடு போகும். கம்பனிக்கு இரண்டாவது கவலைதான் பெரிது.

அதே கட்டடத்தில் வேலை செய்த இரசாயனவியலாளர்கள் ரேடியத்தைக் கையாண்டது இடுக்கியால், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று. இந்த ஒரு விவரத்தில்தான் நான் நிறைய நேரம் நின்றேன். ரேடியம் கூடாதது என்று "அந்தக் காலத்தில் ஒருத்தருக்கும் தெரியாது" என்று பிறகு சொல்லப்பட்டது. தெரிந்திருந்தது. பெயின்ற்றைக் கண்டுபிடித்த சபின் வொன் சொச்சொக்கியே தன்னுடைய இடது சுட்டுவிரல் நுனியை ரேடியத்தால் இழந்தவர். ஒருநாள் அவர் கிரேஸின் மேசையைக் கடந்து போகும்போது, தூரிகையை வாயில் வைக்காதே, வருத்தம் வரும் என்று சொன்னதாகக் கிரேஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். கிரேஸ் போய் மேற்பார்வைப் பெண்ணிடம் கேட்டார். அவர் ஒன்றும் பயமில்லை என்றார். வேலை தொடர்ந்தது.

அந்தப் பெண்கள் பம்பலாகப் பெயின்ற்றை நகத்தில் பூசினார்கள், பல்லில் பூசி இருட்டறைக்குள் சிரித்துப் பார்த்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உடுப்பும் தலைமுடியும் ஒளிர்ந்தன. இதை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் காட்சியை விரும்பி எழுதுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. ஏதோ அவர்களின் குறும்புதான் அவர்களைக் கொன்றதுபோல வாசிப்பவருக்கு ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. கொன்றது விளையாட்டு இல்லை, வேலை. மேசையில் இருந்து சொன்னபடி செய்த வேலை.

ரேடியம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? அல்பா துணிக்கையை ஒரு கடதாசித் துண்டே நிறுத்திவிடும், வெளியில் இருந்தால் தோலைத் தாண்டி வராது. ஆனால் ரேடியம் இரசாயன ரீதியில் கல்சியத்தின் சொந்தக்காரன். விழுங்கிய ரேடியத்தை உடம்பு கல்சியம் என்று நம்பி எலும்புக்குள் கொண்டுபோய் வைக்கும். அங்கே தடுக்கக் கடதாசியும் இல்லை, தோலும் இல்லை. எலும்பு உள்ளிருந்தே அரிக்கப்படும், குருதி உருவாகிற மச்சை கெடும்.

மொலி மஜியா என்று அழைக்கப்பட்ட அமீலியா மஜியாவுக்குப் பல்வலியாகத் தொடங்கியது. ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. அடுத்த பல். அதுவும் ஆறவில்லை. ஒருநாள் பல் வைத்தியர் வாய்க்குள் மெதுவாகத் தொட்டுப் பார்த்தபோது தாடை எலும்பு அவர் கையோடு வந்தது. 1922 செப்டெம்பரில் மொலி இறந்தார். மரணச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் சிபிலிஸ். கலியாணம் கட்டாமல் தனியாக இருந்த ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு இப்படியொரு நோயை எழுதினால் கேள்வி கேட்க ஆள் வராது.

1924இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிசில் டிரிங்கர் தொழிற்சாலையைப் பார்வையிட்டு, நோய்க்குக் காரணம் ரேடியம்தான் என்று அறிக்கை கொடுத்தார். கம்பனித் தலைவர் அதை வெளியிடவில்லை. மாநிலத் தொழில் திணைக்களத்துக்கு அதே டிரிங்கரின் பெயரில், தொழிலாளர் எல்லாரும் நல்ல சுகமாக இருக்கிறார்கள் என்று மாற்றிய வேறொரு வடிவத்தை அனுப்பினார். அடுத்த வருடம் உள்ளூர் மருத்துவ அதிகாரி ஹரிசன் மார்ட்லண்ட் இறந்தவர்களின் எலும்பிலும், உயிரோடு இருந்தவர்களின் மூச்சிலும் கதிர்வீச்சை அளந்து காட்டினார். அவர் சோதித்த உடல்களில் ஒன்று அந்தக் கம்பனியின் தலைமை இரசாயனவியலாளருடையதே. கம்பனி பதிலுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிரெடரிக் ஃபிளின் என்பவரைக் கொண்டுவந்தது. அவர் கிரேஸைச் சோதித்துப் பார்த்து, என்னைவிட நீ சுகமாக இருக்கிறாய் என்ற மாதிரிச் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொருவரும் தலையாட்டினார். பிறகுதான் தெரியவந்தது, ஃபிளின் மருத்துவரே இல்லை, தலையாட்டியவர் கம்பனியின் உப தலைவர்களில் ஒருவர்.

கிரேஸுக்கு வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு வருடம் எடுத்தது. 1927இல் ரேமண்ட் பெரி என்ற இளம் சட்டத்தரணி முன்வந்தார். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். கிரேஸ், கத்தரின், எட்னா ஹஸ்மன், அவர்களோடு மொலியின் இரண்டு சகோதரிகளான குவின்டாவும் அல்பினாவும். கம்பனி எடுத்துப் போட்ட முதல் கேள்வி, இரண்டு வருடக் காலவரையறை முடிந்துவிட்டதே என்பது. வருத்தம் வெளியே தெரியவே ஐந்து வருடம் எடுக்கிற நஞ்சுக்கு, இரண்டு வருடத்துக்குள் வந்து முறையிட வேண்டும் என்பது சட்டம்!

அந்த ஒக்டோபரில் மொலியின் உடலைத் தோண்டி எடுத்தார்கள். புதைத்து ஐந்து வருடம். எலும்புகளை இருட்டில் படச்சுருளோடு சேர்த்து வைத்தபோது, எலும்பு தன்னுடைய உருவத்தைத் தானே அதில் பதித்தது. சிபிலிஸுக்கு ஒரு அடையாளமும் இருக்கவில்லை.

1928 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. சத்தியம் செய்வதற்குக் கையைத் தூக்க முடியாத நிலையில் பெண்கள் வந்தார்கள். ஏப்ரலில், கம்பனித் தரப்புச் சாட்சிகள் கோடையில் ஐரோப்பா போவதால் வழக்கைச் செப்டெம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். அதுவரை உயிரோடு இருப்பார்களா என்பதே தெரியாத பெண்களின் வழக்கு. பத்திரிகைகள் கொதித்தன. கடைசியில் ஜூனில் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு இணக்கம். ஆளுக்கு 10,000 டொலர், உயிரோடு இருக்கும் வரை வருடம் 600 டொலர், மருத்துவச் செலவு. குற்றத்தைக் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. தீர்ப்பே வராததால் பின்னால் வருகிறவர்களுக்கு எடுத்துக்காட்ட ஒரு முன்னுதாரணமும் மிஞ்சவில்லை. வொன் சொச்சொக்கி அந்த வருட நவம்பரில் இறந்தார், அவருடைய பெயின்ற்றேதான் காரணம். கிரேஸ் 1933இல் இறந்தார்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற சின்ன ஊரில் ரேடியம் டயல் என்ற இன்னொரு கம்பனி இருந்தது. நியூ ஜேர்சி வழக்குப் பத்திரிகையில் வந்தபோது அங்கே வேலை செய்த பெண்கள் பயந்தார்கள். கம்பனி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு அறிவித்தல் போட்டது. எங்கள் தொழிலாளரைப் பரிசோதித்துவிட்டோம், ஒருத்தரிடமும் ரேடியம் நஞ்சின் அடையாளம் இல்லை என்று. பரிசோதித்தது உண்மை. முடிவுகளைப் பரிசோதிக்கப்பட்ட பெண்களுக்குச் சொல்லவில்லை. அது நல்ல செய்தியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பத்து வருடம் கழித்து, 1938 பெப்ரவரியில், கத்தரின் வுல்ஃப் டொனஹியூ விசாரணை நடுவில் மயங்கி விழுந்தார். அடுத்த நாள் விசாரணையை அவர் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். அவர் படுத்தபடி சாட்சி சொன்னார். லெனர்ட் குரொஸ்மன் என்ற சட்டத்தரணி காசு வாங்காமல் வாதாடினார். தீர்ப்புப் பெண்கள் பக்கம். கம்பனி மேன்முறையீடு, திரும்ப மேன்முறையீடு. அந்த ஜூலையில் கத்தரின் இறந்தார். 1939 ஒக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தபோதுதான் தீர்ப்பு உறுதியானது. அவரே அதைக் காணவில்லை.

தம்பி இதை வட்ஸப்பில் குரல்பதிவாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நான் வோச் கேட்டனான், நீ செத்தவீடு சொல்லுறாய்" என்று அனுப்பினான். சரி, மணிக்கூட்டுக்கு வருவோம்.

டைவிங் மணிக்கூட்டின் கதையும் ரேடியத்தில்தான் தொடங்குகிறது. இத்தாலியக் கடற்படைச் சுழியோடிகளுக்காக ஃபுளோரன்ஸ் நகரத்துப் பனராய் கடை 1930களின் நடுப்பகுதியில் செய்த மணிக்கூட்டின் பெயரே ரேடியோமிர். இலக்கங்களை வெட்டிய ஒரு தகட்டின் அடியில் ரேடியம் பூசிய இன்னொரு தகடு. இரவில், கலங்கிய துறைமுகத் தண்ணீருக்குள் பார்ப்பதற்கு. 1953ஐ ஒட்டி பிளாங்பான் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், ரொலெக்ஸின் சப்மரினர் என்று இன்றைய வடிவம் வந்தது. அவற்றின் ஆரம்ப டயல்களிலும் ரேடியம்தான்.

1960களில் ரேடியம் விலகி டிரிட்டியம் வந்தது. அது வீசுகிற பீற்றாத் துணிக்கை மிகவும் வலுவற்றது, கண்ணாடியைத் தாண்டாது. அரை ஆயுட்காலம் 12 வருடத்துக்குச் சற்று மேல். டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இருபுறமும் "டி" என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். எல்லாக் கம்பனிக்கும் ஒரே நாளில் புத்தி வந்துவிடவில்லை. 1950களில் ரொலெக்ஸ் விமானிகளுக்காகச் செய்த ஒரு மொடலின் வெளி வளையத்தில் ஸ்ட்ரொன்சியம்-90 பூசப்பட்டிருந்தது. அதுவும் எலும்பைத் தேடிப் போகிற சாமான். அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு தலையிட்டு அவற்றைத் திருப்பி எடுக்க வைத்தது.

கதிர்வீச்சே இல்லாத வழி 1993இல் யப்பானிலிருந்து வந்தது. நெமோட்டோ என்ற கம்பனி, 1941 முதல் ஒளிரும் பெயின்ற் செய்துவந்த நிறுவனம், ஸ்ட்ரொன்சியம் அலுமினேற்று என்ற பொருளுக்குள் யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் மிகச் சிறிதளவு சேர்த்து லூமிநோவாவை உருவாக்கியது. வெளிச்சம் படும்போது இலத்திரன்கள் மேலே எழும்பிப் பளிங்குக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்ளும். பிறகு அறைச் சூடே அவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். வெளியே வருகிற ஒவ்வொன்றும் ஒரு துளி ஒளி. ஸ்ட்ரொன்சியம் என்ற பெயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இது சாதாரண ஸ்ட்ரொன்சியம், மேலே சொன்ன 90 இல்லை. சுவிஸ் மணிக்கூடுகளில் இருக்கிற சுப்பர் லூமிநோவா, சீக்கோவின் லூமிபிரைற் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஆகத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஐஎஸ்ஓ 6425 என்ற தரம் இருக்கிறதா பார். அது இருந்தால் 100 மீற்றருக்குக் குறையாத ஆழத்துக்குச் சோதித்தது, இருட்டில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் வாசிக்கலாம், மணிக்கூடு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் இருட்டிலேயே தெரியும். வெறுமனே 30 மீற்றர் என்று எழுதியிருந்தால் அது கை கழுவத்தான். வளையம் ஒரு பக்கம் மட்டும் சுற்ற வேண்டும். தண்ணிக்குள் எதிலாவது தட்டுப்பட்டு நகர்ந்தாலும், போன நேரம் கூடவாகக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. நிமிடக்கம்பி மணிக்கம்பியைவிடத் தெளிவாக ஒளிர வேண்டும், கடலுக்குள் நிமிடம்தான் முக்கியம். லூமிநோவா வகை முதல் அரை மணித்தியாலம் பளீரென்று எரிந்து பிறகு மெல்ல மெல்ல மங்கும். இரவில் இறங்க முதல் டோர்ச் அடித்துக்கொண்டு இறங்கு. இரவு முழுக்க ஒரே அளவாக ஒளிர வேண்டும் என்றால் டிரிட்டியம் வாயுவைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்த மணிக்கூடுகளும் உண்டு. ஆனால் பிரகாசம் குறைவு, பன்னிரண்டு வருடத்தில் அதுவும் பாதியாகும். வாங்க முதல் கடைக்காரரிடம் கேட்டு ஒரு இருட்டு மூலையில் பார். எல்லாத்துக்கும் மேல, உன்ட மாஸ்டர் தருகிற டைவ் கொம்பியூட்டரைக் கழட்டாதே. மணிக்கூடு துணைக்குத்தான்.

அந்தப் பழைய மணிக்கூடு? கண்ணாடியும் பின்மூடியும் இறுக்கமாக இருந்தால் கட்டுகிறவனுக்குக் கிடைக்கிற கதிர்வீச்சு சிறியது. அவனுடைய கேள்விக்கு நேரான பதில் அதுதான். ஆனால் எழுபது வருடப் பழசு, ஒளிராது. தண்ணீரும் உள்ளே போகும். கட்டாயம் ஒருநாள் திருத்தக் கொண்டுபோவான். எங்கட ஊர்ச் சந்தியில் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஐயா இருக்கிறார். ஒரு கண்ணில் வில்லை, மேசையில் தேத்தண்ணி. பழைய பெயின்ற்றை ஊசியால் சுரண்டிவிட்டுத் தூசியை வாயால்தான் ஊதுவார். நான் பார்த்திருக்கிறேன். ரேடியம் பெயின்ற் பழசானால் பொரிந்து தூளாகும், அந்தத் தூள் மூச்சோடு போனால் நேரே உள்ளே. மணிக்கூட்டுக்கு மேல் "ஆபத்து" என்று ஒன்றும் எழுதியிருக்காது. இதைத்தான் நான் தம்பிக்குச் சொன்னேன். கான்சர் உனக்கு வருமோ எண்டு கேட்டனீ, அதைத் திறக்கப்போறவர் ஆர் எண்டு கேக்கேல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள், கொஞ்சம் பிந்தி. பௌதிகவியலாளர் ரொப்லி எவன்ஸ் டயல் பூசிய பெண்களையும் சேர்த்து அளந்துதான், ஒரு உடம்பு தாங்கக்கூடிய ரேடியத்தின் அளவு 0.1 மைக்ரோகியூரி என்ற வரம்பு 1941இல் வந்தது. புளூட்டோனியத்தைக் கையாளப் போகிற ஆட்களைப் பற்றி 1944இல் கிளென் சீபோர்க் கவலைப்பட்டபோது அவருக்கு ஞாபகம் வந்ததும் இந்தப் பெண்கள்தான். ஆர்கோன் ஆய்வுகூடம் உயிரோடு இருந்த பெண்களைப் பல பத்தாண்டுகளாகத் தேடித் தேடிச் சோதித்தது. பலர் தாங்களாகவே போய்ப் படுத்தார்கள். ஒட்டாவாவில் 2011இல் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள், கையில் தூரிகையோடு ஒரு இளம்பெண்.

மே கீன் என்றொருவர் இருந்தார். 1924இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகர மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். தூரிகையை வாயில் வைத்தபோது அந்த ருசி அவருக்குப் பிடிக்கவில்லை. மேலதிகாரி வேறு வேலை பார் என்றார், போய்விட்டார். 2014இல், 107 வயதில்தான் இறந்தார்.

தம்பி கடைசியில் ஒரு யப்பான் மணிக்கூடு வாங்கினான், பழசு வேண்டாமாம். நேற்று இரவு லைற்றை நிப்பாட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினான். போர்வைக்குள்ளே பச்சையாகப் பன்னிரண்டு புள்ளி. அம்மாவுக்குக் காட்டினேன்.

"வடிவா இருக்கு," என்றார். "ரேடியமோ?"